கெமிஸ்ட்ரி சார்

நம் கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த பிறகு, சங்க மலருக்கு எனக்கு வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

மரக்காணத்துக் கல்லுப்பை வைத்தே பிளஸ் ஒன் பாடத்தில் பாதியை நடத்தியவர் அவர். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒருபுறம் குளோரின், மறுபுறம் ஹைட்ரஜன், கரைசலில் காஸ்டிக் சோடா. காஸ்டிக்கோடு எண்ணெய் சேர்ந்தால் சோப்பு. குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். கடலூர் முதுநகர் தாண்டி, ரசாயன ஆலைகள் நிற்கும் சிப்காட் தொழிற்பேட்டை வழியாக வீட்டுக்குப் போகும் பையன்கள்தான் இதை வாய் பிளந்து கேட்பார்கள்.

நாட்டு மருந்துக் கடையும் அவருக்கு ஆய்வகம்தான். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம், ஈயம் பூசுகிறவருக்கு நவச்சாரம், தோட்டக்காரருக்கு மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்.

பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் தோப்பில் இலைக்கருகல் என்று சொல்ல, மறுநாளே பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை. 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 1 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றினோம். வானத்து நீலத்தில் திரண்டு வந்தது. "தெளிச்சிடலாமா சார்?" என்றோம். "இருங்கடா" என்று தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுத்தார். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தது. "இப்ப தெளிச்சா இலை பொசுங்கிடும். சுண்ணாம்பு பத்தல" என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தார். கத்தி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை.

பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டாதே, குளோரின் கிளம்பி மூச்சை அடைத்துவிடும் என்று அவர் சொன்னதை இன்றும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் பழைய மாணவர்களைத் திரட்டிப் பிளீச்சிங் பவுடர் தூவியிருக்கிறார். மூட்டை வாய் திறந்து கிடந்தால் குளோரின் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும் என்று ஒவ்வொரு மூட்டையாகக் கட்ட வைத்தாராம். நான் அப்போது சிங்கப்பூரில், குடிநீருக்குக் குளோரின் அளவு பார்க்கும் வேலையில் இருந்தேன். போனில் பேசியபோது, "நீ இருந்திருந்தா ஒரு தெருவை உன்கிட்ட விட்டிருப்பேன்டா" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சார் நினைவாகப் பரிசு வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு இருக்கிறது. பரிசைவிட, ஊரிலேயே தங்கிவிட்ட நம்மவர் ஒருவர் வாரம் ஒருநாள் அந்த ஆய்வகத்தில் நின்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட சங்கம் வழிசெய்யலாம். செலவில் என் பங்கைத் தருகிறேன். விடுப்பில் வந்து போகும் என்னால் ஆகிற வேலை இல்லை அது.