லேக் நோனாவுக்குக் குடிபோனவர்கள்

டிஸ்னியில் பாப் சேப்பெக் தலைமையில் நடந்தது என்ன என்று யாராவது கேட்டால், எல்லோரும் பங்கு விலையையும் ஸ்ட்ரீமிங் நஷ்டத்தையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது லேக் நோனா.

2021 ஜூலையில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்கள் பிரிவின் தலைவர் ஜோஷ் டமாரோ ஊழியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கும் 2,000 வேலைகள் வரை ஃபுளோரிடாவுக்கு, ஆர்லாண்டோ விமான நிலையத்தை ஒட்டிய லேக் நோனாவுக்குப் போகின்றன என்றது கடிதம். அதில் இமாஜினியரிங் பிரிவும் இருந்தது. வால்ட் டிஸ்னியே 1952-ல் தொடங்கியது அது. பூங்காக்களில் நாம் வாய்பிளந்து பார்க்கும் சவாரிகள் எல்லாம் அவர்கள் வரைந்து, செதுக்கி, ஓடவிட்டவை. தலைமுறைகளாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கிளெண்டேலில் வேர்விட்டிருந்தவர்களைக் கண்டத்தின் மறுகோடிக்குப் போகச் சொன்னார்கள். ஃபுளோரிடா தொழிலுக்கு உகந்த மாநிலம் என்று காரணம் சொன்னார்கள். வரிச் சலுகையும் இருந்தது.

சரி, கம்பெனி என்றால் இடமாற்றம் இருக்கத்தானே செய்யும் என்பீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எங்கள் குழுவில் சிலரை சென்னையிலிருந்து ஹைதராபாத் போகச் சொன்னார்கள். ஓர் அக்கா பிள்ளைக்கு நடுவருஷத்தில் டிசி வாங்கி, அங்கே வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு மாலை, திட்டம் தள்ளிப்போடப்பட்டதாக மெயில் வந்தது. அவர் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. மீட்டிங்கில் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அதுவரை எங்கள் குழுவில் நல்ல யோசனைகள் பாதி அவரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

டிஸ்னியில் லேக் நோனா திட்டம் தள்ளிப்போவதற்கு முன்பே நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் பொறுப்பேற்ற சேப்பெக், அந்த அக்டோபரிலேயே விநியோகத்துக்கென்று தனிப் பிரிவு அமைத்து, படம் எடுப்பவர்களிடமிருந்த வரவு செலவு அதிகாரத்தை அங்கே கொண்டுபோனார். 2022 மார்ச்சில், பள்ளிகளில் பாலினம், பாலீர்ப்பு பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் ஃபுளோரிடா மசோதா வந்தபோது, கம்பெனி வெளிப்படையாக எதிர்க்காது என்று முதலில் எழுதினார். ஊழியர்கள் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டார். மார்ச் 22 அன்று வெளிநடப்பே நடந்தது. எந்த மாநிலத்தின் சட்டம் தங்களைப் புண்படுத்துகிறது என்று அவர்கள் தெருவில் நின்றார்களோ, அதே மாநிலத்துக்குத்தான் அவர்களில் பலர் குடிபோக வேண்டும்.

அந்த ஜூன் மாதம் இரண்டு செய்திகள் வந்தன. லேக் நோனா வளாகம் 2026-க்குத் தள்ளிப்போகிறது என்பது ஒன்று. சேப்பெக்கின் ஒப்பந்தத்தைக் கம்பெனியின் இயக்குநர் குழு ஒருமனதாக நீட்டித்தது என்பது மற்றொன்று. ஐந்தே மாதத்தில் அதே குழு அவரை அனுப்பிவிட்டு, அவருக்கு முன்பு தலைவராக இருந்த பாப் ஐகரைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு காலாண்டில் மட்டும் ஸ்ட்ரீமிங்கில் 147 கோடி டாலர் நஷ்டம் காட்டிய பிறகு! ஊழியர்களின் மனநிலை அந்தக் குழுவுக்கு அதுவரை கணக்கிலேயே வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐகர் வந்ததும் அந்த விநியோகப் பிரிவைக் கலைத்தார். நல்ல காரியம். ஆனால் 2023 பிப்ரவரியில் 7,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தவரும் அவர்தான். மே 18 அன்று லேக் நோனா திட்டமே ரத்து. புதிய தலைமை, மாறிய வணிகச் சூழல் என்றார்கள். அந்த மசோதாவை வைத்து ஃபுளோரிடா ஆளுநரோடு நடந்த மோதலும் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் சுமார் 200 பேர் குடிபோயிருந்ததாகச் செய்திகள் வந்தன. கலிபோர்னியா வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கிளம்பத் தயாரான 2021-ல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வட்டி 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. திட்டம் ரத்தானபோது 6-ஐத் தாண்டிவிட்டது. விற்ற வீட்டுக்கு இணையான வீட்டைத் திரும்ப வாங்க எங்கே போவார்கள்? திரும்பி வருவது பற்றிப் பேசலாம் என்று கம்பெனி சொன்னது. 2024 ஜூனில் ஊழியர்கள் இருவர், தங்களைப் போன்ற எல்லோருக்காகவும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். போகாவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில்தான் வீட்டை விற்றோம் என்பது அவர்கள் வாதம்.

இனி எந்தக் கம்பெனி இடமாற்றக் கடிதம் கொடுத்தாலும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: நாங்கள் மனம் மாறினால் உங்கள் நஷ்டம் எங்களுடையது. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் எச்ஆர் அல்ல, முடிவெடுத்த தலைவர்.