சித்திரை வெய்யில்ல ஒரு புராசஸர் தேடுன கதை

ஏப்ரல் 5, 2025, சனி

நேத்து ராத்திரி ஒரு பம்ப் கேசிங்குக்கு சாலிடிஃபிகேஷன், அதாவது உருக்குன இரும்பு அச்சுக்குள்ள எப்படி உறையுதுங்கற கணக்கு, கம்ப்யூட்டர்ல ஓடவிட்டுட்டு படுத்தேன், வெடியால அஞ்சரைக்கு வந்து பாத்தா 61 சதவீதத்துலயே நிக்குது. ஒன்பது மணிக்கு ஃபவுண்டரிக்காரரு போன் பண்ணிட்டாரு, "ஏனுங்க தம்பி, ரைசர் எங்க வெக்கறதுன்னு சொன்னீங்கன்னா பேட்டர்ன் கடைக்கு சொல்லி விட்டுருவேன்"ங்கறாரு, எனக்கு சொல்றதுக்கு பதில் இல்ல. (ரைசர்ங்கறது வார்ப்பு உறைஞ்சு சுருங்கறப்ப கூடுதல் உலோகம் ஊட்டற தொட்டி.)

ஏழு வருஷமா ஓடறது இன்டெல் 7700கே புராசஸர், நாலே கோர் (தனித்தனியா கணக்குப் போடற பகுதி), கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஏத்தி, அதாவது ஓவர்கிளாக் பண்ணி, 4.8 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டீட்டு இருக்கேன். அந்த சிப்புல மேல்மூடிக்கு அடியில சால்டர் கெடையாது, பேஸ்ட்டு தான், அதனால கிளாக், அதாவது வேகத்த, ஏத்துனாலே தொண்ணூறு டிகிரிய தொட்டுரும். 2018ல கோயமுத்தூர் கணபதியில அப்பாவோட மோட்டார் காயில் கட்டற பட்டறையில, வைஸ்ல மரக்கட்டை முட்டுக் குடுத்து அந்த மூடிய கழட்டி, பேஸ்ட்டுக்கு பதிலா சூட்ட நல்லா கடத்தற லிக்விட் மெட்டல் போட்டோம். வைஸ் கைப்பிடிய திருகுனது அப்பா தான், எனக்கு கை நடுங்குச்சு. பதினாலு டிகிரி எறங்குச்சு. இன்னைக்கு வரைக்கும் அது ஒரு நாளும் என்னை கைவிட்டதில்ல, ஆனா மெஷ், அதாவது கணக்குக்காக வார்ப்ப சின்னச் சின்ன கட்டமா வெட்டுனது, ஒரு கோடி செல் தாண்டுனா அதால முடியல, பாவம்.

புதுசு வாங்கறதுன்னு முடிவு. மொத்தம் ஒன்னே முக்கால் லட்சத்துக்குள்ள. ஓவர்கிளாக் பண்ற சிப்பா தான் இருக்கணும், அதுல மாத்தமில்ல.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில அரிசிம்பருப்பு சோறு சாப்டுட்டு உக்காந்தவன் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல.

மொதல்ல ஒரு விஷயம் ஒத்துக்கணும், அந்தக் காலத்து ஓவர்கிளாக் இப்ப கெடையாது. 1998ல செலரான் 300ஏ வந்துச்சு, பஸ் ஸ்பீடு 66ல இருந்து 100 ஆக்குனா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450ல ஓடும், ஒன்றரை மடங்கு! இப்ப அந்த மிச்சத்தையெல்லாம் கம்பெனிக்காரங்களே டர்போங்கற பேர்ல எடுத்து முன்னாடியே ஓட்டிக் காட்டிடறாங்க. இன்டெல் 14900கே பொட்டியிலயே 6.0 கிகாஹெர்ட்ஸ்னு போட்டு தான் வருது, அதுக்கு மேல நூறு இரநூறு மெகாஹெர்ட்ஸ் எடுக்கறதுக்கு வோல்டேஜ கொட்டணும்.

14900கே: 24 கோர், 32 திரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை), 253 வாட். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புக சிலது நாளாக நாளாக நிலையில்லாம போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், வோல்டேஜும் சூடும் எச்சாகி கோருக்குள்ள இருக்கற கிளாக் சர்க்யூட் தேஞ்சு போகுதுன்னு இன்டெல்லே காரணம் சொல்லி, 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, அடுத்து 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோட், அதாவது சிப்போட உள் மென்பொருள், விட்டு, வாரண்டியும் ரெண்டு வருஷம் நீட்டுனாங்க. சரி பண்ணீட்டாங்க தான். ஆனா நான் வோல்டேஜோட வெளையாடப் போறவன், எனக்கு அது தோதில்ல.

இன்டெல்லோட கோர் அல்ட்ரா 9 285கே மேல எனக்கு நெசமாவே ஆசை. 2024 அக்டோபர்ல வந்தது, முந்துனதைவிட பவர் கம்மியா இழுக்குது, டியூன் பண்ண திருகாணி நெறைய இருக்கு. ஒரே கோர் ரெண்டு வேலை பாக்கற ஹைப்பர்திரெடிங் இல்ல, 8 பெரிய கோர், 16 சின்ன கோர். அங்க தான் எனக்கு இடிக்குது. என்னோட சால்வர், அதாவது கணக்குப் போடற சாஃப்ட்வேர், மெஷ்ஷ சமமா துண்டு போட்டு ஒவ்வொரு கோருக்கும் ஒன்னொன்னு குடுக்குது, ஒவ்வொரு ஸ்டெப்புலயும் எல்லாரும் முடிச்சா தான் அடுத்த ஸ்டெப்பு. ஜோடி சேராத மாட்ட ஏர்ல கட்டுன மாதிரி, மெதுவா நடக்கற மாடு தான் ஏரோட வேகம்.

ஏஎம்டியோட ரைசன் 9 9950எக்ஸ்ல பதினாறும் ஒரே மாதிரி கோர், 32 திரெட், 5.7 வரைக்கும் போகும், 170 வாட் டிடிபி (சூட்டுக் கணக்குக்கான பவர் அளவு). 9950எக்ஸ்3டி போன மாசம் தான் வந்துச்சு, ஆனா அதுல ரெண்டு சிப்லெட்ல (சிப்புக்குள்ள இருக்கற துண்டு) ஒன்னுக்கு மட்டும் தான் அந்த கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி), வெலையும் ஏறும். 9800எக்ஸ்3டி கேம் ஆடறவங்களுக்கு அருமையான சிப்பு, எனக்கு எட்டு கோர் பத்தாது.

ஏப்ரல் 9, புதன்

பட்டறைக்கு டீ எடுத்துட்டுப் போனேன். அப்பா ஒரு அஞ்சு எச்பி மோட்டார பிரிச்சுப் போட்டிருந்தாரு, ஒரு பேஸ் காயில் முழுசும் கருப்பு. வோல்டேஜ் கொறைஞ்சு வந்திருக்கு, தண்ணி எடுக்கற லோடு கொறையல, ஆம்பியர் ஏறி கருகிடுச்சு. "இன்சுலேஷன் எஃப் கிளாஸ்னா 155 டிகிரி தாங்கும் கண்ணு, தாங்கும்னு தெனமும் அங்கயே ஓட்டுனா பத்து டிகிரிக்கு பாதி ஆயுசு போயிரும்"னாரு.

சிப்புல கணக்கு வேற மாதிரி. பவருங்கறது கிளாக்கையும் வோல்டேஜோட ஸ்கொயரையும் பெருக்குன மாதிரி போகும், 1.3 வோல்ட்ட 1.2க்கு எறக்குனா அதே கிளாக்லயே கிட்டத்தட்ட 15 சதவீதம் கொறையும். இதை அப்பாகிட்ட சொன்னப்ப காயில கீழ வெச்சுட்டு கேட்டாரு, "அப்ப வோல்டேஜ் எந்தளவுக்கு எறங்குனா நின்னு போகும்னு கண்டுபிடிக்கறது தான் உன்ற வேலையா?" ஆமாங்கப்பா, இன்னைய தேதிக்கு ஓவர்கிளாக்குங்கறதே அது தான். அங்க மிச்சம் புடிக்கற சூட்ட சிப்பு தானா கிளாக்கா மாத்திக்கும்.

ஏப்ரல் 12, சனி

காந்திபுரம் போய் மூணு கடை ஏறி எறங்குனேன். ஒரு கடையில 14900கேயும் பி760 போர்டும் சேத்து கொட்டேஷன் போட்டாங்க. இன்டெல் பி சீரீஸ் போர்டுல கே சிப்போட மல்டிபிளையர (கிளாக்க நிர்ணயிக்கற பெருக்கு எண்) ஏத்த முடியாதுங்க, இசட் போர்டு வேணும்னு சொன்னேன், "தம்பி யாருமே கேக்கறதில்லீங்க"ன்னாரு. யாராச்சும் இத படிச்சுட்டு வாங்கப் போனீங்கன்னா இத மட்டும் மறக்காதீங்க. ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்ல பி650 போர்டே போதும், ஏ620 மட்டும் வேண்டாம்.

திரும்பி வர்றப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில எம்ப்ராய்டரி டிசைன் பண்ற மச்சானுக்கு போன் போட்டேன். அவங்கூர்ல கம்ப்யூட்டர் கூலரோட ரேடியேட்டர்ல பஞ்சுத் தூசி அடைச்சு, மூணு மாசத்துக்கு ஒருக்கா கம்பளி மாதிரி உரிச்சு எடுக்கறானாம். எங்க பக்கம் பட்டறைத் தூசி. ஃபில்டர் இருக்கற கேபினட் தான் வாங்கணும்.

இன்னைக்கு ரூம் 34 டிகிரி, ராத்திரி பத்து மணிக்கு. ரிவ்யூ எல்லாம் இருபத்திச் சொச்சம் டிகிரி ஏசி ரூம்ல பண்ணது, நமக்கு அதுல பத்து பன்னெண்டு சேத்துத் தான் படிக்கணும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக்கனி. அம்மா தட்டுல முக்கனியும் கண்ணாடியும் வெச்சிருந்தாங்க, முழிச்சதும் கும்பிட்டுட்டு ஆர்டர் போட்டேன். 9950எக்ஸ், எக்ஸ்670ஈ போர்டு, 360 லிக்விட் கூலர், 48 ஜிபி மெமரி ஸ்டிக் ரெண்டு. நாலு ஸ்டிக் போட்டா ஏஎம்5ல அதிகாரப்பூர்வமா மெமரி வேகம் 3600க்கு எறங்கீரும், ரெண்டுல 6000 ஓட்டலாம், அதனால ரெண்டே தான்.

ஏப்ரல் 19, சனி

மாட்டியாச்சு. மொதல் தடவ ஆன் பண்ணா திரை கருப்பு, ஃபேன் மட்டும் சுத்துது. டிடிஆர்5 மெமரி ட்ரெய்னிங் ஆக நேரமெடுக்கும்னு தெரியும், இருந்தும் நெஞ்சு அடிச்சுக்குச்சு. அம்மா வாசப்படியில நின்னு "எரிஞ்சு போச்சா சாமி?"ன்னு கேட்டாங்க. ஏழு நிமிஷம் கழிச்சு பயாஸ் (போர்டோட செட்டிங் திரை) வந்துச்சு.

ஒன்னும் தொடாம அதே பம்ப் கேசிங்க ஓட்டுனேன். 3 மணி 22 நிமிஷம். பழசுல பதினொரு மணி நேரத்துக்கு மேல. ஆனா முழு நேரமும் 95 டிகிரி, அது ஏஎம்டி வெச்ச எல்லை தான், ஒன்னும் ஆகாது, ஆனாலும் ரூம்ல உக்கார முடியல.

ஏப்ரல் 24, வியாழன்

நாலு நாளா இதே வேலை. பவர் லிமிட்ட 160 வாட்டுக்கு வெச்சுட்டு, வோல்டேஜ கொறைக்கற கர்வ் ஆப்டிமைசர்ல எல்லா கோருக்கும் மைனஸ் 25 குடுத்தேன். சினிபெஞ்ச் டெஸ்ட் பாஸ், முழு லோடுல ரெண்டு மணி நேரம் பாஸ். சந்தோஷமா தூங்கப் போனேன், வெடியால பாத்தா சும்மா கெடந்த மெஷினு தானா ரீஸ்டார்ட் ஆகியிருக்கு.

பொறவு தான் ஒறைச்சுது. முழு லோடுல எந்தக் கோரும் உச்ச கிளாக்குக்குப் போறதே இல்ல. சும்மா இருக்கறப்ப ஒத்தக் கோரு திடீர்னு 5.7க்குத் தாவும்ல, வோல்டேஜ் பத்தாம விழறது அந்த எடத்துல தான். கோர்சைக்ளர்ங்கற டெஸ்ட் புரோகிராம் போட்டு ஒவ்வொரு கோரா ராத்திரி பூரா ஓட்டுனேன், கோர் 3 எட்டு நிமிஷத்துல எரர். அது தான் இந்த சிப்புலயே நல்ல கோர். நல்ல கோருக்கு கம்பெனியே கம்மி வோல்டேஜ் தான் குடுத்திருப்பாங்க, அதுல இருந்து இன்னும் புடுங்க எடமில்ல. அதுக்கு மைனஸ் 8. கோர் 11க்கு மைனஸ் 14. மத்ததெல்லாம் 20க்கும் 25க்கும் நடுவுல.

ஏப்ரல் 27, ஞாயிறு

அதே கேசிங்க மூணு தடவ ஓட்டி ரிசல்ட்ட பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கடைசி தசமத்துல மாறும், அது பரவால்ல, ஹாட் ஸ்பாட், அதாவது கடைசியா உறையற எடம், நகரக்கூடாது. நகரல. மெஷின் கிராஷ் ஆனா திரும்ப ஓட்டிக்கலாம், தப்பா கணக்குப் போட்டு சரின்னு காட்டுச்சுன்னா அங்க ஃபவுண்டரியில ஒரு ஹீட், அதாவது ஒரு தடவ உருக்குன, இரும்பு ஸ்கிராப்புக்குப் போகும், அந்தப் பயத்துல தான் இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டேன்.

3 மணி 26 நிமிஷம், 79 டிகிரி. நாலு நிமிஷம் குடுத்து பதினாறு டிகிரி வாங்கியிருக்கேன்.

ஃபவுண்டரிக்காரருக்கு ரைசர் எடம் குறிச்சு அனுப்பியாச்சு. செட்டிங்க பயாஸ்ல ஒரு ப்ரொஃபைலா சேவ் பண்ணி அதுக்கு 'சித்திரை'ன்னு பேரு வெச்சிருக்கேன். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வந்து ரூம் 26க்கு எறங்கட்டும், அப்ப லிமிட்ட 190க்குத் தூக்கி கோர் 3ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.