பதக்கத்துக்குப் புளி போடாதேங்கோ

குத்துவிளக்கை மினுக்குகிற புளியும் சாம்பலும் பழைய போர்ப் பதக்கத்துக்கு எமன்.

முதலாம் உலகப்போருக்கு ஆங்கிலேயர் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜோர்ஜ், மறுபக்கத்தில் குதிரைவீரன். எல்லாரும் இந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். பார்க்கவேண்டியது விளிம்பை. ஆளின் படை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும். தேய்த்தால் அது அழியும். இருட்டறையில் டோர்ச்சைச் சரித்துப் பிடியுங்கோ, நிழல் விழ எழுத்து எழும்பும். அப்படியே போனில் கிட்டப் படம் எடுங்கோ. பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீற்றர். அதிலும் குறைந்தால், பழைய பெயரை அராவிவிட்டு வேறொன்றை வெட்டினார்களோ என்று சந்தேகப்படலாம்.

ஆள் திரும்பி வந்தாரா, களத்திலேயே முடிந்தாரா என்று பதக்கம் சொல்லாது. இருவருக்கும் ஒரே அச்சு. இறந்தவர் வீட்டுக்கு மட்டும் 120 மில்லிமீற்றர் அகல வெண்கல வட்டு வந்தது; அதில் பெயர் உண்டு, பதவி இல்லை. சாவில் பெரியவன் சிறியவன் பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே விட்டார்கள். இரண்டாம் போருக்குப் பிரித்தானியா தன் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயரே பொறிக்கவில்லை. கூட வந்த இரங்கல் துண்டு ஆள் இறந்ததைச் சொல்லும். யார் என்பதற்கு அந்தத் துண்டும், பதக்கம் வந்த பெட்டிமேல் எழுதிய விலாசமும்தான் துணை. அந்த மட்டைப்பெட்டியை எறிந்துவிடாதேங்கோ.

வன்னியில் இன்னொரு சிக்கல், இடம்பெயரும்போது வளவில் தாட்டுவிட்டுப் போன சாமான்கள். வெண்கலத்தில் கடும்பச்சையாக, இறுகிப் படிந்திருந்தால் கை வைக்கவேண்டாம். வெளிர்பச்சையாக, மாவுபோல உதிர்ந்தால் உப்பு உள்ளே தின்கிறது. முல்லைத்தீவுக் கரையோர மண்ணில் இதற்கு வாய்ப்பு அதிகம். பற்றரிக்கு விடும் வடிதண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, சில கிழமை பொறுங்கோ. நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடிப்பெட்டியில் வையுங்கோ. மாவு திரும்ப வந்தால் உப்பு போகவில்லை. வெள்ளியின் கறுப்பு அப்படியே இருக்கட்டும். ரப்பர் வளையம், மெதுவான பிவிசி பிளாஸ்ரிக் உறை இரண்டும் கிட்ட வேண்டாம். ரிபனைக் கழுவினால் சாயம் இறங்கும்.

இறந்தவரைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பதிவில் தேடலாம். கந்தையா என்ற பெயரை எழுதுவினைஞர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ஆகவே விளிம்பில் உள்ள இலக்கத்தை முதலில் போட்டுப் பாருங்கோ.