கட்டி முடியாத கப்பலில் செத்தவர்கள்

ஜூன் 22, 2025, ஞாயிறு

நாளை மறுநாள் ஜூன் 24. 1971இல் அந்தத் திகதியில்தான் அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் லொரெய்ன் என்ற ஊரில், கட்டிக்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்து நாலு தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். கப்பலின் பெயர் ரொஜர் பிளவ். இரும்புத் தாது ஏற்றுவதற்கென்று கட்டியது, 858 அடி நீளம். தீயால் வேலை இழுபட்டு அடுத்த வருஷம் ஜூனில்தான் சேவைக்கு வந்தது.

50 வருஷம் கழித்து, 2021 பெப்ரவரியில், குளிர்காலத்துக்கு ஒதுக்கி நிறுத்தியிருந்தபோது அதே கப்பல் திரும்பவும் எரிந்தது. அதில் ஒருவரும் சாகவில்லை. முதல் தீயில் செத்த நாலு பேரைத்தான் நான் நினைக்கிறேன். கப்பலுக்கு வைத்தது இரும்புக் கம்பனித் தலைவராக இருந்தவரின் பெயர். இந்த நாலு பேரும் அந்தக் கப்பல் ஓடியதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சோளகம் பலமாக அடிக்கிறது, வெளியில் வெல்டிங் வேலை செய்ய ஏலாது. கடையைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓடுகிற கப்பல் வேறு, கட்டுகிற கப்பல் வேறு. ஓடுகிற கப்பலில் தீ என்றால் மணி அடிக்கும், தண்ணீர்க் குழாய் வேலை செய்யும், கதவை மூடித் தீயை ஓர் அறைக்குள்ளேயே மறித்து வைக்கலாம். யார்டில், அதாவது கப்பல் கட்டுகிற தளத்தில், நிற்கிற கப்பலில் இதில் பாதி இன்னும் பொருத்தியே இருக்காது. கதவு இருந்தாலும் சாத்த முடியாது, ஏனென்றால் வெல்டிங் கேபிள், ஒட்சிசன் ஹோஸ், காற்று ஊதுகிற பெரிய துணிக்குழாய் எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகும். வெளிச்சம் தற்காலிக வயரில் தொங்குகிற பல்ப், அது சீக்கிரமே போய்விடும். புகையும் மேலே எழும்பும், ஆளும் மேலேதான் ஏறவேண்டும், பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே ஏணி.

நான் சிங்கப்பூரில் ஃபயர் வாட்ச் ஆக நின்றவன். வெல்ட் பண்ணுகிறவருக்கு முகமூடிக்குள்ளால் தன் கைக்கு முன்னால் இருக்கிற இடம்தான் தெரியும், பொறி எங்கே விழுகிறது என்று பார்க்கிறது என் வேலை. தகட்டில் விழுந்தால் பயமில்லை. கேபிள் போட வெட்டின ஓட்டைக்குள்ளால் கீழ்த்தட்டுக்கு விழுகிற பொறிதான் ஆளைக் கொல்லும். வேலை முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் அங்கேயே நிற்கவேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த அரை மணித்தியாலத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனை போர்மன் வந்து கேட்டாலும் சம்மதிக்கக்கூடாது.

ஜூன் 25, புதன்

நேற்று எழுதாமல் விட்டது. 1976 செப்டெம்பர் 23, இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரை, சுவான் ஹன்டர் யார்ட். கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் வேலை முடித்துப் போனவர்கள் ஒட்சிசன் ஹோஸைக் கீழ்த்தட்டிலேயே விட்டுப் போக, இரவு முழுக்க அது கசிந்திருக்கிறது. காலையில் ஒருவர் வெல்டிங் தொடங்கினார். தீப்பிடித்து 8 பேர் செத்துப்போனார்கள்.

இரும்பு வெட்ட ஒட்சிசனோடு சேர்த்து எரிக்கிற அசற்றிலீன் காஸ் கசிந்தால் உள்ளி மணம் மாதிரி ஒன்று வரும், மூக்கு சொல்லிவிடும். ஒட்சிசனுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. காற்றில் 21 வீதம் இருக்கிறது, அது 24 வீதத்துக்கு ஏறினாலே உடுப்பு, தலைமயிர் எல்லாம் பக்கென்று பிடிக்கும், அணைப்பது கஷ்டம்.

எனக்கு ஆற மாட்டாத விஷயம் இதற்குப் பிறகு வருகிறது. இந்த ஆபத்து யார்டுக்குத் தெரியும். எச்சரித்து ஒரு நீல அட்டைக் கையேடே போட்டு வைத்திருந்தார்கள். அது தங்கள் சொந்தத் தொழிலாளர்களுக்குப் போனது. சப் கொன்ராக்டில் வந்து அதே கப்பலில் வேலை செய்தவர்களுக்குப் போகவில்லை. வெளியாட்களுக்கும் சொல்ல வேண்டியது யார்டின் கடமை என்று பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. அந்தக் கையேட்டை இன்னும் நாலு கட்டு அச்சடித்துக் கொடுக்க என்ன செலவு வந்திருக்கும்?

ஜூன் 28, சனி

அராலியில் இருந்து ஒரு தம்பி வந்தார், அடுத்த மாதம் சிங்கப்பூர் யார்ட் ஒன்றுக்குப் போகிறார்.

"யார்டின்ர ஆளாப் போறீரோ, கொன்ராக்டிலயோ?"

"அது தெரியாது அண்ணை. ஹெல்ப்பர் வேலை எண்டுதான் ஏஜென்ட் சொன்னவர்."

அப்படியென்றால் கொன்ராக்ட்தான். எங்கட பிள்ளைகளில் கனபேர் அப்படித்தான் போகிறார்கள், கையேடு போய்ச் சேராத பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவருக்கு ஸ்பைரோஸ் கதையைச் சொன்னேன். 1978 ஒக்டோபர் 12, சிங்கப்பூர் ஜூரோங்கில் திருத்த வேலைக்கு நின்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல், காஸ் கட்டிங் பொறி தாங்கியில் இருந்த எண்ணெய் ஆவியில் பட்டு வெடித்தது, 76 பேர் செத்தார்கள். தம்பியின் முகம் மாறிவிட்டது. பயப்படுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டார். தாங்கிக்குள் இறங்க முதல் காஸ் சோதித்த பேப்பரைக் கேள், அதில் இன்றைய திகதி இருக்கிறதா பார். வேலை முடிந்தால், சாப்பாட்டுக்குப் போகும்போதும்தான், வால்வை மூடினால் மட்டும் போதாது, ஹோஸை மேல்தட்டுக்கு இழுத்துக்கொண்டு வா. விளங்காத பாஷையில் கையெழுத்துக் கேட்டால் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேள். போனில் எழுதிக்கொண்டார்.

அவரோடு போகிற இன்னும் இரண்டு பேரையும் திங்கட்கிழமை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். பழைய ஹோஸ் ஒன்று கடையில் கிடக்கிறது, சவர்க்காரத் தண்ணி பூசிக் கசிவு எங்கே என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும்.