மார்செய் நகரை நடந்து அறிதல்

பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய் நகருக்கு விடுமுறையில் செல்வோரிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: அந்த ஊரை நடந்தே பாருங்கள். மெட்ரோவும் டிராமும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இந்த ஊர் எங்கெங்கே வெட்டப்பட்டது, பிறகு எப்படி ஒட்டவைக்கப்பட்டது என்பது அவற்றில் ஏறிச் செல்பவருக்குத் தெரியாமலே போய்விடும். சென்ற இலையுதிர் காலத்தில் என் மனைவியும் நானும் அங்கே தங்கியிருந்தபோது, தரையின் ஏற்ற இறக்கமே எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. திடீரென்று ஒரு தெரு நேராகவும் அகலமாகவும் மாறினால், அங்கே ஏதோ ஒன்று இடிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ரயிலில் வருபவருக்கு நடை சேன் ஷார்ல் நிலையத்தின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. குன்றின் மேல் இருக்கும் நிலையத்திலிருந்து ஊருக்குள் இறங்க 104 படிகள் கொண்ட அகன்ற படிக்கட்டு உண்டு. 1927-இல் திறந்துவைக்கப்பட்ட அதன் இருபுறமும் பெண் உருவில் இரண்டு கற்சிலைகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்று ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளையும் மற்றொன்று ஆசியக் குடியேற்ற நாடுகளையும் குறிக்கின்றன. புதுச்சேரியும் காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஆசியப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால், படிக்கட்டின் அழகை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர மனம் வருவதில்லை.

அங்கிருந்து கானபியேர் பெருவீதி வழியாக இறங்கினால் பழைய துறைமுகம் வந்துவிடுகிறது. கி.மு. 600 அளவில் சின்ன ஆசியாவின் ஃபொக்காயா நகரிலிருந்து வந்த கிரேக்க மாலுமிகள் கரையேறியதைக் கரைத்தளத்தில் பதித்த ஓர் உலோகத் தகடு சொல்கிறது. மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்து, கடலை நோக்கிக் குறுகும் அந்த நீர்நிலையைக் கண்டதும், அவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் அந்தக் கரையிலேயே மீனவக் குடும்பங்கள் தொட்டிகளை வைத்து அன்றைய மீனை விற்கின்றன. புய்யபேஸ் என்னும் புகழ்பெற்ற மீன் குழம்புக்கு இன்றியமையாத முள் நிறைந்த ராஸ்காஸ் மீனை அங்கே உயிரோடு பார்க்கலாம். அருகிலேயே 2013-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த, கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுக் கூரை நிற்கிறது. அதனடியில் நின்று அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் இல்லை.

நான் நெடுநேரம் செலவிட்டதும் மற்றவர்களும் செலவிட வேண்டும் என்று விரும்புவதும் வடகரையில்தான். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய நகராட்சி மாளிகை நீரை நோக்கி நிற்கிறது. அதன் இருபுறமும் ஒரே உயரத்தில் ஒழுங்காக அணிவகுக்கும் கல் முகப்புக் கட்டடங்களோ 1950-களில் எழுந்தவை. இவ்வளவு தொன்மையான துறைமுகத்தின் மிக முக்கியமான கரை இவ்வளவு புதிதாக இருப்பது எப்படி என்ற கேள்வி, நடப்பவருக்குத் தானாகவே எழும். 1943 ஜனவரியில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படையும் பிரெஞ்சுக் காவல்துறையும் சேர்ந்து இந்தப் பகுதியைச் சுற்றி வளைத்தன. ஆயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் சுமார் 800 யூதர்கள் சோபிபோர் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். கரையோரக் குடியிருப்புகளிலிருந்து ஏறக்குறைய 20,000 பேர் கையில் எடுத்துக்கொள்ள முடிந்ததை மட்டும் சுமந்துகொண்டு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த மாதம் தெருத் தெருவாக வெடிவைத்து சுமார் 1,500 கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சந்துகள் நிறைந்த பகுதி எதிர்ப்பாளர்களுக்கும் தலைமறைவானவர்களுக்கும் புகலிடமாகிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு முன்பே அதை ஒழுக்கக்கேட்டின் இடமென்று இழித்துப் பேசி இடிக்கத் திட்டமிட்டவர்களும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

தப்பிப் பிழைத்த கட்டடங்கள் மிகச் சில. நகராட்சி மாளிகை, முகப்புக் கற்கள் பட்டை தீட்டிய வைரம்போல் செதுக்கப்பட்ட ‘வைர இல்லம்’, 1535-இல் கட்டிய காப்ர் மாளிகை ஆகியவை அவற்றுள் அடங்கும். காப்ர் மாளிகையின் முன் கட்டாயம் நின்று பாருங்கள். போருக்குப் பின் புதிய தெருக்களை அமைத்தபோது, 1954-இல், அந்தக் கல் வீட்டை இடிக்காமல் முழுதாக நகர்த்தி, புதிய தெருவின் போக்குக்கு இணங்க 90 பாகை திருப்பி வைத்தார்கள். நானூறு ஆண்டுகளாக ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்த வீடு இன்று வேறொரு திசையைப் பார்த்து நிற்கிறது. மறுகட்டுமானத்தில் பெரும் பங்காற்றிய கட்டடக் கலைஞர் ஃபெர்னான் பூயோனின் கற்கட்டடங்களைச் சிலர் வறட்சியானவை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தரைத்தளத்துத் தூண் வரிசையின் நிழலும், மேல் மாடங்களில் காயும் துணிகளும், அங்கே மக்கள் மீண்டும் வாழவே கட்டினார்கள் என்பதைக் காட்டுகின்றன. இடிபாடுகளுக்கு அடியில் 1947-இல் ரோமானியர் காலப் பண்டகசாலை ஒன்று வெளிப்பட்டது. தானியமும் மதுவும் சேமித்த மாபெரும் மண் தாழிகளை, அவை புதைந்திருந்த இடத்திலேயே அமைந்த அருங்காட்சியகத்தில் காணலாம்.

இந்தப் புதிய வரிசையின் பின்னால் படியேறினால் பனியே என்னும் பழைய மேட்டுப் பகுதி. வெடிக்குத் தப்பிய சந்துகள் இங்கேதான் இருக்கின்றன. இன்று சுவரோவியங்களும் சோப்புக் கடைகளும் அதிகம். ஆனால் பயணிகள் கூட்டம் ஒரு திருப்பத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசும் முதியவர்களும் பந்தாடும் பிள்ளைகளும் மட்டுமே. மேட்டின் நடுவில் வியேய் ஷாரித்தே: 1671-இல் தொடங்கி 1749 வரை கட்டிய, மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த இல்லம். அதை வடிவமைத்தவர் பியேர் புஜே. நடுவில் உள்ள முட்டைவடிவக் குவிமாடத் தேவாலயம் நான் அந்த ஊரில் பார்த்தவற்றுள் மிக அழகான கட்டடம். எனினும் அது தெருவில் பிச்சையெடுத்த ஏழைகளைப் பிடித்து அடைத்துவைக்கக் கட்டிய இடம். தெருப்பக்கச் சுவரில் சன்னல்கள் இல்லாததன் காரணம் அதுவே.

பனியேயின் கிழக்கு விளிம்பில் இன்னொரு வெட்டு இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மேட்டையே அறுத்து, நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்து, பழைய துறைமுகத்தையும் புதிய துறைமுகத்தையும் இணைக்கும் நேர்வீதி ஒன்றை 1864-இல் திறந்தார்கள். இன்று அதன் பெயர் ரெப்புப்ளிக் தெரு. பாரிஸைப் போன்ற அதன் முகப்புகளுக்கு இடையே லொரெத் வழி என்றொரு வளைவு வாசல் இருக்கிறது. நுழைந்து படியேறினால், பெருவீதியின் இரைச்சல் அடங்கி, மீண்டும் மேட்டுச் சந்துக்குள் வந்துவிடுகிறோம். அறுக்கப்பட்ட மேட்டின் உயரம் எவ்வளவு என்பதை அந்தப் படிகளில் முழங்கால்களே அளந்து சொல்லிவிடும்.

மேற்கு விளிம்பில், கோடுபோட்ட கல்லாலான லா மஜோர் பேராலயத்துக்கு அருகே தூரெத் என்னும் கடல் நோக்கிய திறந்த மேடை. 1720-இல் கிழக்கிலிருந்து சரக்கேற்றி வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோய் ஊருக்குள் நுழைந்தபோது, அழுகிய பிணங்கள் குவிந்து கிடந்தது இங்கேதான். ஊரில் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால் நீராவிக் கப்பல்களுக்காக அமைத்த துறைகள் நீண்டு செல்கின்றன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கொழும்புக்கும் புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் போன பயணிகள் மார்செயில்தான் கப்பல் ஏறினார்கள். 1910 ஜூலை 8 அன்று, கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சாவர்க்கர், இத்துறைமுகத்தில் நின்ற மோரியா கப்பலின் சிறு சன்னல் வழியே நீரில் குதித்துக் கரையேறினார். சில நிமிடங்களில் பிடிபட்டு மறுபடி கப்பலில் ஏற்றப்பட்டார். அவரை மீட்க வ.வே.சு. ஐயரும் மேடம் காமாவும் வரவிருந்தார்கள் என்றும், சற்றுத் தாமதித்துவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஐயர் அதே ஆண்டில் புதுச்சேரி வந்து சேர்ந்தார் என்பதைப் படித்திருந்த எனக்கு, அந்த மேடையிலிருந்து விலக நெடுநேரம் ஆயிற்று.

துறைமுக வாயிலில் செங்கல் நிறக் கற்களுடன் சேன் ஜான் கோட்டை நிற்கிறது. எதிர்க்கரையில் சேன் நிக்கொலா கோட்டை. இரண்டும் பதினான்காம் லூயி கட்டியவை; எதிரிகளைவிட, அடங்க மறுத்த ஊர்மக்களையே அவன் அஞ்சினான். கோட்டையையும் 2013-இல் திறந்த மத்தியதரைக்கடல் பண்பாட்டு அருங்காட்சியகத்தையும் இணைக்கும் மெல்லிய நடைபாலம் நீருக்கு மேல் செல்கிறது. கட்டணமின்றி யாரும் நடக்கலாம். கோட்டை அடிவாரத்தில், ஜெர்மானியர் கட்டிய பதுங்கிடம் ஒன்றே இன்று நாடுகடத்தப்பட்டோரின் நினைவகமாக இருக்கிறது.

தென்கரையில் ஏறக்குறைய 150 மீட்டர் உயரக் குன்றின் உச்சியில் நோத்ரு தாம் து லா கார்த் தேவாலயம். ஏற்றம் கடுமையானது, வெயில் ஏறும் முன் சென்றுவிடுவது நல்லது. உள்ளே கூரையிலிருந்து சிறு கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. கடலில் உயிர் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு செலுத்தியவை அவை. வெளிச்சுவரில் 1944 ஆகஸ்ட் விடுதலைப் போரின் குண்டுத் தழும்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து பார்க்கும்போது, பனியேயின் கோணல்மாணலான ஓட்டுக்கூரைகளுக்கும் நீருக்கும் இடையே, 1943-இல் அழிந்த நிலம் ஒரு நேரான வெளிர்நிறப் பட்டையாகத் தனித்துத் தெரிகிறது.

நோஆய் சந்தைப் பகுதிக்கும் போக வேண்டும். வட ஆப்பிரிக்காவின் மக்ரெப் நாடுகளையும் கொமோரோத் தீவுகளையும் சேர்ந்த மக்களின் கடைகளும் மசாலா மணமும் கொத்தமல்லிக் கட்டுகளும் உள்ள அந்தச் சந்தையிலிருந்து ஏறும் ஒபாஞ் தெருவில், 2018 நவம்பர் 5 அன்று பாழடைந்த வீடுகள் சரிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அருகிலுள்ள சிறு சதுக்கம் அந்த நாளின் பெயரையே தாங்கியிருக்கிறது. இடிந்தவற்றின் இடம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கையில், போரோ அரச ஆணையோ இல்லாமல், பராமரிப்பின்மை ஒன்றாலேயே ஓர் ஊரில் வெட்டு விழக்கூடும் என்பது நெஞ்சைச் சுட்டது.

கடைசியாகக் கார்னிஷ் கடலோரச் சாலை. பாலத்தின் அடியில் ஒளிந்திருக்கும் வலோன் தே ஸோஃப் என்னும் மீனவர் துறையைத் தாண்டி, தெற்கே போகப் போகக் கடல் அகன்று விரிகிறது. சாலை முடிவில் பொரெலி பூங்கா. 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படையின் லாகூர் பிரிவு மார்செயில் வந்திறங்கியபோது, வீரர்களில் ஒரு பகுதியினர் இதை ஒட்டிய குதிரைப் பந்தயத் திடலில்தான் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அடுத்த மாத இறுதிக்குள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் நின்றார்கள். அவ்வளவு தூரம் நடந்தபின் கால் வலித்தால் கவலை வேண்டாம்: 83-ஆம் எண் பேருந்து கடலோரமாகவே துறைமுகத்துக்குத் திரும்புகிறது. இடப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள்.