வங்கி எழுத்தர் தேர்வும் ‘ரன்’ என்ற பொடிச் சொல்லும்

முடிவு வந்துவிட்டது, என் எண் பட்டியலில் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் என்ன புத்தகம் படித்தாய் என்று கேட்கிறார்கள். கணக்குக்கும் ரீசனிங்குக்கும் ஊரே படிப்பதைத்தான் நானும் படித்தேன். ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

ஒரே சொல்லை மூன்று வாக்கியங்களில் வைத்து, எவற்றில் சரியாக வந்திருக்கிறது என்று கேட்பார்களே, அந்த வகைக் கேள்வி. வாயில் நுழையாத சொற்களுக்குப் பயந்து அவற்றையே படிக்கிறோம். ஆளைக் கவிழ்ப்பவை ரன், செட், டேக் போன்ற பொடிகள். ஆக்ஸ்போர்டு பேரகராதி ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600-க்கும் மேல் பொருள் தருகிறது. நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் இவற்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதற்குக் கட்டணம் வேறு.

நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: வினையை விடுங்கள், அதற்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ‘ரன்’னுக்கு முன்னால் என்ஜின் நின்றால் ‘இயங்குகிறது’ என்று பொருள். மூக்கு நின்றால் ஒழுகுகிறது. கைலியின் சாயம் என்றால் பக்கத்துத் துணியில் இறங்குகிறது. சாலை என்றால் எதுவுமே நகர்வதில்லை; கிழக்குக் கடற்கரைச் சாலை கடலோரமாக நீண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். பின்னால் கடை வந்தால் நடத்துவது. ‘ஃபார்’ சேர்ந்து தேர்தல் பதவி வந்தால் போட்டியிடுவது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா திண்ணையில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் தொழிலை வைத்தே வாக்கியம் அமைப்பேன். நடுக்கடலில் டீசல் தீர்ந்தால் ‘ரன் அவுட் ஆஃப்’. படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ‘ரன் அக்ரவுண்ட்’. “ஏம்மா, நகராமல் கிடக்கிற படகுக்கும் ஓட்டம் என்றா பெயர்?” என்று கேட்டார். ஓடிப் போய்த்தானே தட்டியது என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. உங்கள் வீட்டுத் தொழில் பனைவெல்லமோ கருவாடோ, அதை வைத்து எழுதிப் பாருங்கள்.

இனி சில்லறை விஷயங்கள்:

- வினையின் மூன்று வடிவங்கள்: ரன், ரேன், ரன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ மூன்றுக்கும் பின்னால் ‘ரேன்’ வந்தால் பிழை. யோசிக்கவே வேண்டாம்.
- ‘ரன் லோ’ என்றால் குறைகிறது. ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழப்புவார்கள்.
- ‘ரன் இன்டு’: எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, சிக்கலில் மாட்டுவது, போய் மோதுவது. மூன்றும் சரி.
- ‘அனைத்தும் சரி’ என்ற விடையைக் கண்டு பின்வாங்காதீர்கள். இந்த வகைச் சொற்களுக்கு அது அடிக்கடி பொருந்தும். பெயர்ச்சொல்லே புரியவில்லை என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். தவறாகப் போட்டால் கால் மதிப்பெண் போகும்.

முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மட்டும் 20 நிமிடத்துக்கு 30 கேள்வி. இந்தச் சொல் கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, பத்தி வாசிப்பைக் கடைசியில் எடுங்கள். வேகமாக வாசிப்பவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது. அவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.