பிரஷர் 16, நார்மல்

பரண் கதவில் அம்மா மூன்றாவது முறை நெற்றியை இடித்துக்கொண்ட அன்றுதான் எனக்கு உறைத்தது. ஊசியில் நூல் கோப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள். அப்படிப்பட்டவளுக்குத் தலைக்கு மேலே திறந்து கிடக்கும் கதவு மட்டும் தெரியவில்லை. ஆறு மாதம் முன்னால் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணில் காற்றை ஊதிப் பார்த்து, "பிரஷர் 16, நார்மல்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை நம்பி நானும் இருந்துவிட்டேன்.

வேறு ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, கண்பாவையை விரியவைத்து, உள்ளே படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் வெளிறிய குழி. அந்த வட்டம்தான் பார்வை நரம்பின் தலை. அம்மாவுக்குக் குழி அகன்று, கீழ் விளிம்பு நூலாக மெலிந்திருந்தது. விளிம்பை ஒட்டி, தீக்குச்சி உரசியதுபோல ஒரு சின்ன ரத்தக் கீற்று. இது கிளாக்கோமா, கண்ணழுத்தத்தைத் தாங்காமல் பார்வை நரம்பு தேயும் நோய் என்றார். கீழே நரம்பு தேய்ந்தால் மேல்பக்கப் பார்வை போகும் என்றார். பரண் கதவுக்குக் கணக்கு சரியாக வந்தது.

"அழுத்தம் 16தானே டாக்டர்?" என்று கேட்டேன். 10 முதல் 21 வரை இயல்பு என்பது பொதுவான கணக்கு, ஒவ்வொரு நரம்பின் தாங்குசக்தியும் வேறு என்றார். ஜப்பானில் தஜிமி என்ற ஊரில் நடந்த ஆய்வில், திறந்தகோணக் கிளாக்கோமா (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை அடைபடாமல் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்ணழுத்தம் 21ஐத் தாண்டவே இல்லையாம்.

பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள். அத்தனையும் கண்ணின் பின்புறம் சல்லடை மாதிரி ஒரு தட்டு வழியாக வெளியேறுகின்றன. கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் அந்தச் சல்லடையைப் பின்னுக்குத் தள்ளி, இழைகளை நெரிக்கிறது. அதே இடத்தில்தான் நரம்புக்குச் சோறு போடும் மெல்லிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. கண்ணழுத்தத்தை எதிர்த்துத்தான் ரத்தம் உள்ளே போயாக வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால், கண்ணழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு பட்டினி கிடக்கும்.

பிறகு டாக்டர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. "பிபி மாத்திரை எப்போ போடுறீங்கம்மா?"

"ராத்திரி சாப்ட பொறவு. ரெண்டு."

ஒருநாள் முழுக்கக் கையில் பட்டை கட்டி, பிபி பார்க்கும் கருவியை மாட்டிவிட்டார்கள். "ஏட்டி, ராத்திரியெல்லாம் கையைப் புடிச்சு நெரிக்கி" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தாளில் பார்த்தேன். பகலில் 80 இருந்த கீழ் அளவு விடிகாலை மூன்று மணிக்கு 48. தூக்கத்தில் பிபி இறங்குவது பெரும்பாலோருக்கு உண்டு, மாத்திரை அதை இன்னும் கீழே இழுத்திருந்தது. படுத்தால் கண்ணழுத்தமும் கூடும். பகலில் 80லிருந்து கண்ணழுத்தம் 16 போனால், ரத்தத்தை உள்ளே தள்ள 64 மிஞ்சும். விடிகாலையில் கண்ணில் 18 என்றே வைத்தாலும் மிஞ்சுவது 30தான். அந்தக் கழித்தல் கணக்கை நான் இன்றும் மறக்கவில்லை.

கண் டாக்டரும் பிபி டாக்டரும் பேசி, ஒரு மாத்திரையைக் குறைத்து மற்றதைக் காலைக்கு மாற்றினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். கண் டாக்டரிடம் பிபி மருந்துச் சீட்டைக் காட்டுங்கள், அது போதும். "பிரஷர் நார்மல்" என்று யார் சொன்னாலும், நரம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பெற்றோருக்குக் கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

ரத்த ஓட்டத்தை இதற்குமேல் நம்மால் திருத்த முடியாது. கையில் இருக்கும் மருந்து கண்ணழுத்தத்தைத்தான் குறைக்கும். அழுத்தம் நார்மலாக இருக்கும் கிளாக்கோமாக்காரர்களுக்கும் அதை 30 சதவீதம் இறக்கினால் நோய் மெதுவாகிறது என்று 1998இல் வந்த ஆய்வு காட்டியது. தினமும் இரவு ஒன்பதுக்கு லட்டனோப்ராஸ்ட் ஒரு சொட்டு. அம்மா கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் அப்படியே இருப்பாள். இப்போது கண்ணழுத்தம் 11.

போன வாரம் இருட்டறையில் மறுபடியும் பார்வைப்புலச் சோதனை. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அம்மா பட்டனை அமுக்கும் சத்தத்தை வெளியே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார். மேலே அதே கறுப்புத் திட்டு, அதே அளவு.